அறைக்குள் சொன்னது அறைக்குள் இருக்கட்டும்

(களியக்காவிளையில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



உங்களில் சிலர் அன்போடு ஒரு குறை சொல்லுகிறீர்கள். "ஐயரே, கண் ஆப்பரேஷன் செய்தவர்களின் படம் நம் இதழில் வருகிறது. பிரசவ வார்டில் பிறந்த குழந்தையின் படமும் வருகிறது. மனநல ஆலோசனைப் பிரிவுக்கும் நாங்கள் காணிக்கை அனுப்புகிறோமே, அங்கே சுகமான ஒருவருடைய சாட்சியைக்கூட ஏன் போடுவதில்லை?" என்று கேட்கிறீர்கள். கொடுக்கிறவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. ஆகவே இன்று அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்காரப் போகிறேன்.

நம் ஊர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். இந்தச் சந்தையில் மீன் வாங்கப் போனால் திரும்புவதற்குள் நாலு சபைக்காரரைப் பார்த்துவிடலாம். யார் வீட்டுப் பிள்ளை எந்த பஸ்ஸில் ஏறியது என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். 1956 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தோம். அந்நாளில் மனநோய் என்றால் திருவனந்தபுரத்து ஊளம்பாறை ஆஸ்பத்திரிதான். அது 1870-ல் தொடங்கிய பழைய ஸ்தாபனம். எத்தனையோ பேருக்கு அது அடைக்கலமாக இருந்திருக்கிறது. ஆனால் நம் வாயில் அதன் பெயர் என்ன ஆயிற்று? "உன்னை ஊளம்பாறைக்குத்தான் கொண்டு போகணும்" என்பது இன்றும் ஒரு வசவு. காசநோய் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி நாம் யாரையும் வைவதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெயர் வெளியே போனால் என்ன நடக்கும்? ஒரு சபையின் ஜெபக் கூட்டத்தில் (எந்தச் சபை என்பது வேண்டாம்) ஒருவர் எழுந்து, "குளத்தங்கரைப் பக்கத்து வீட்டில் ஒரு வாலிபப் பிள்ளை விஷம் குடித்துப் பிழைத்திருக்கிறது, இப்போது ஆலோசனைக்குப் போய் வருகிறது, பாரத்தோடு ஜெபியுங்கள்" என்றார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, குளத்தங்கரையில் வாலிபப் பிள்ளை உள்ள வீடு ஒன்றுதான். எல்லாரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை ஆலோசனைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கெட்ட எண்ணம் அங்கே ஒருவருக்கும் இல்லை. வம்பு பேசுகிறவனை "போதும், நிறுத்து" என்று சொல்லிவிடலாம், ஜெபக்குறிப்பு கொடுக்கிறவரை யார் நிறுத்துவது?

அந்தச் செய்தி ஆலோசகர் வாயிலிருந்து போகவில்லை, துணைக்கு வந்த உறவுக்காரர் சொன்னது. நம் நாட்டில் நோயாளி தனியாக வருவதில்லை. அம்மா வருவாள், மாமியார் வருவாள், சித்தப்பா வருவார். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957-ல் தொடங்கியது. குடும்பத்தார் நோயாளியோடு கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்குபெறுவதை வழக்கமாக்கிய இடம் அது. குடும்பம் வேண்டும். ஆனால் ஆலோசகர் முதல் நாளிலேயே நோயாளியைத் தனியாக வைத்து, "இதில் எதை உன் வீட்டாருக்குச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?" என்று கேட்க வேண்டும். நம் ஆலோசகர்கள் கேட்கிறார்கள். மாமியார்களுக்கு இதனால் வருத்தம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும்.

யவீருவின் வீட்டில் ஆண்டவர் என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். அழுது கொண்டிருந்த கூட்டத்தை வெளியே அனுப்பினார். தகப்பனையும் தாயையும் மூன்று சீஷரையும் மட்டுமே உள்ளே சேர்த்துக்கொண்டார். சுகமான பின்பு, அதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று கட்டளையும் கொடுத்தார்.

சட்டமும் இதையே கேட்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமை ஆக்கியிருக்கிறது. 24-ஆம் பிரிவின்படி, சிகிச்சை பெறுகிறவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய படத்தையோ விவரத்தையோ பத்திரிகைக்கும் மற்ற ஊடகங்களுக்கும் கொடுக்கக்கூடாது.

"சம்மதம் வாங்கிப் போடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். சிலர் தாங்களாகவே வந்து, "ஐயரே, என் படத்தைப் போடுங்கள்" என்கிறார்கள். இங்கேதான் எனக்குப் பெரிய தயக்கம். உங்கள் காணிக்கையால் இலவசமாக மருந்து வாங்குகிற ஒருவர், அந்த ஆஸ்பத்திரிப் போதகரே கேட்கும்போது, "முடியாது" என்று சொல்வாரா? அடுத்த மாதமும் அவர் மருந்துக்கு வர வேண்டும். நன்றிக் கடனிலிருந்து வருகிற சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று என்னால் எண்ண முடியவில்லை. இன்றைக்குச் சந்தோஷமாகக் கொடுத்த படம், ஐந்து வருஷம் கழித்து அவர் மகளுக்கு வரன் பார்க்கும் நாளில் யாரோ ஒருவர் அலமாரியில் பழைய இதழாக இருக்கும். அதைத் திரும்ப வாங்க முடியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் மூடிவைப்பதா? இல்லை. 1969-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நம் நாட்டிலிருந்து படிக்கப் போன ஒரு மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாகத் தன் மனநல ஆலோசகரிடம் சொன்னார். ஆலோசகர் வளாகக் காவலருக்கு அறிவித்தார். அவர்கள் விசாரித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அக்டோபர் மாதம் தத்தியானா தராசாஃப் என்ற அந்தப் பெண் கொல்லப்பட்டாள். ஆபத்தில் இருக்கிறவரைக் காப்பாற்றும் கடமை ஆலோசகருக்கு உண்டு என்று 1976-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் சட்டமும் உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு என்றால் அதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்ல இடம் தருகிறது. ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அதில் போதகருக்கும் விலக்கு இல்லை. குற்றவாளி சபையின் மூப்பராக இருந்தாலும் அப்படித்தான்.

ஆகவே பெரியோரே, இந்த இதழில் ஆலோசனைப் பிரிவைப் பற்றி எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவாயிற்று என்ற கணக்கு வரும். படம் வராது. ஜெபிக்க விரும்புகிறவர்கள் பெயர் கேட்காமல் ஜெபியுங்கள். வெளியே மேசையில் காணிக்கை உறைகள் இருக்கின்றன. "என் பணம் யாருக்குப் போகிறது என்று தெரிய வேண்டும்" என்பவர்கள் தயவுசெய்து கண் பிரிவு உறையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் தேவை நிறைய இருக்கிறது.