காசநோய் மருந்தாய்வில் சென்னை ஏழைகளின் பங்கு



எலும்புருக்கி என்று நம் முன்னோர் அஞ்சிய காசநோய்க்குச் சிகிச்சை கண்ட வரலாற்றில், எழுத்தறியா ஏழைகளுக்கும் பங்குண்டு. அதனை எடுத்துரைக்கவே உங்கள்முன் நிற்கின்றேன்.

1956ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென ஓர் ஆய்வு நிலையம் தோன்றிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதற்குக் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்தினார்.

ஐசோனியசிட், பாஸ் ஆகிய மருந்துகள் அதற்குள் வந்துவிட்டன. ஆயினும் சானடோரியத்தின் ஓய்வும் நல்லுணவும் இன்றி நோய் தீராது என்பதே அந்நாளைய நம்பிக்கை. படுக்கைகளோ மிகச் சில. குடிசைவாசி என்ன செய்வான்?

193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறுபிரிவினர் தத்தம் வீட்டிலும் அதே மருந்துகளை ஓராண்டு உண்டனர். வீட்டிலிருந்தோர் குறைவாகவே உண்டனர், கூடுதலாக உழைத்தனர், நெருக்கடியில் வாழ்ந்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று: சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் 86 பேருக்கும் நோய் அடங்கிற்று. ஏழை ஒழுங்காக மருந்துண்ணமாட்டான் என்று கருதியோர்க்கு இதுவே விடை.

இதனினும் பெரிது ஒன்றுண்டு. தனிக் குவளை, தனித் திண்ணை என்று ஒதுக்கப்படுவது நம்மவர்க்குப் புதிதன்று. இந்நோய் வந்தால் சொந்த வீட்டிலேயே அது நிகழ்ந்தது. ஆய்வாளர் இரு பிரிவினரின் குடும்பங்களையும் ஐந்தாண்டுகள் கவனித்தனர். நோயாளியை உடன் வைத்திருந்த வீடுகளில் நோய் மிகவில்லை! சிகிச்சை தொடங்குமுன்னரே தொற்று பெரும்பாலும் நேர்ந்துவிடுகிறது. ஆகவே நோயாளியை விலக்குவதன்று, விரைந்து மருந்து தொடங்குவதே காப்பு.

பின்னர் ரிஃபாம்பிசின் வந்து, ஓராண்டுச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கிற்று. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கும் தென்னாப்பிரிக்காவில் 109 பேர் பங்கேற்ற ஆய்வில் பிரிடோமானிட் உள்ளிட்ட மூன்று மருந்துகள் பத்தில் ஒன்பது பேருக்குப் பயனளித்தன. அம்முடிவு 2020இல் வெளிவந்தது. அங்கும் நோயாளிகள் இசைந்து முன்வந்தமையாலேயே அது கைகூடிற்று.

சேத்துப்பட்டு நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. மருத்துவர் மட்டுமன்றி நுண்ணுயிரியலும் புள்ளியியலும் கற்றோர்க்கும் அங்கே பணியுண்டு. அப்பாடங்களைப் பயிலும் நம் மாணவர்கள் ஒருமுறை நேரில் சென்று விசாரித்து வருவார்களாக.