நாணயத்தைச் சுண்டும் முன்பே எழுதிய விதி

(நமது குடியிருப்பின் விளையாட்டு விழா ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் 36 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். விளையாட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் போட்டி அட்டவணை என்பது ஒரு கணக்கு. அதைப் பற்றி நான் பேசலாம்.

மகள் வீட்டுக்கு அமெரிக்காவில் டெக்சாஸ் போயிருந்தேன். பேரன் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி பேண்டில் டிரம் வாசிக்கிறான். அங்கே வெள்ளிக்கிழமை இரவு என்றால் பள்ளி ஃபுட்பால்தான். நம்ம ஊர்க் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதுவார்களே, அது.

டெக்சாஸ் எவ்வளவு பெரியது என்றால், எல் பாசோவிலிருந்து ஹூஸ்டன் சுமார் 1,200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரியே 700தான். இவ்வளவு பெரிய மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை வைத்து எப்படிச் சாம்பியனைத் தேர்ந்தெடுப்பது? இந்த வேலையைச் செய்வது யு.ஐ.எல். என்ற அமைப்பு. டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1910-இல் தொடங்கியது.

முதல் வேலை, சமமானவர்களைச் சேர்ப்பது. மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை ஆறு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். 6ஏ பள்ளியில் 2,000 பிள்ளைகளுக்கு மேல் இருப்பார்கள். 1ஏ பள்ளியில் நூறு பேர் இருந்தாலே அதிகம். அவர்கள் பதினொரு பேருக்குப் பதில் ஆறு பேரை வைத்து ஆடுகிறார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு டிவிஷன். ஆக மொத்தம் 12 சாம்பியன். பள்ளிகளின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்குகிறார்கள்.

இரண்டாவது, பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து ஒரு குழு. அதற்கு டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். 6ஏ வகுப்பில் 32 டிஸ்ட்ரிக்ட். ஒவ்வொன்றிலும் முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். அந்த நால்வரில் மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள இருவர் முதல் டிவிஷன், மற்ற இருவர் இரண்டாம் டிவிஷன். ஆக ஒவ்வொரு டிவிஷனிலும் 64 அணி.

இனிமேல் நாக்-அவுட். 64, 32, 16, 8, 4, 2, பிறகு ஒன்று. ஆறு சுற்று. பிள்ளைகளே, மொத்தம் எத்தனை ஆட்டம்? கூட்டிப் பார்க்க வேண்டாம். ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி வெளியே போகும். 63 அணி வெளியே போக வேண்டும். ஆகவே 63 ஆட்டம். இறுதி ஆட்டம் டிசம்பரில், ஆர்லிங்டனில் உள்ள பெரிய ஸ்டேடியத்தில்.

இதில் குறையே இல்லையா? உண்டு. எந்த டிஸ்ட்ரிக்ட் எந்த டிஸ்ட்ரிக்டோடு மோதும் என்பது ஊர் இருக்கும் இடத்தை வைத்து முன்பே முடிவாகிவிடும். பலசாலிகள் இருவர் ஒரே பக்கத்தில் இருந்தால் ஒருவர் சீக்கிரமே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிள்ளைகளை ஒவ்வொரு வாரமும் ஆயிரம் கிலோமீட்டர் அனுப்ப முடியாது என்பதற்காக அந்தக் குறையை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது என் பேரன் கதைக்கு வருகிறேன். அவன் டிஸ்ட்ரிக்டில் நான்காவது இடத்துக்கு மூன்று பள்ளிகள் சமம். இவர்கள் ஒரு பள்ளியை 31 புள்ளியில் ஜெயித்திருந்தார்கள். இன்னொன்றிடம் 16 புள்ளியில் தோற்றிருந்தார்கள். அந்த இன்னொரு பள்ளியோ, முதல் பள்ளியிடம் 3 புள்ளியில் தோற்றிருந்தது. நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். நமக்கு 15 மிச்சம், அவர்களுக்கு 13. "நாமதான்டா!" என்றேன். பேரன் சிரிக்கவில்லை. "தாத்தா, எங்க டிஸ்ட்ரிக்ட் விதிப்படி எந்த ஆட்டத்துக்கும் 15 புள்ளிக்கு மேல் கணக்கில் சேராது" என்றான். மறுபடி போட்டேன். நமக்குப் பூஜ்யம், அவர்களுக்கு 12. முடிந்தது.

எனக்குக் கோபம். "ஜெயித்ததைக்கூட முழுசாக எழுத மாட்டார்களா? யாரிடம் மனு கொடுக்கணும்?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "வரம்பு இல்லைன்னா பலவீனமான டீமைப் போட்டு மிதிப்பாங்க தாத்தா. ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எல்லா ஸ்கூலும் ஒத்துக்கிட்ட விதி." சொல்லிவிட்டு டிரம்மை உறையில் போட்டான். பள்ளி வாழ்க்கையில் அவனுக்கு அதுதான் கடைசி ஆட்டம். காரில் யாரும் பேசவில்லை. அழுதான், ஆனால் யாரையும் குறை சொல்லவில்லை.

1988-இல் மேற்கு டெக்சாஸில் இதைவிடக் கொடுமை நடந்தது. அப்போது ஒரு டிஸ்ட்ரிக்டுக்கு இரண்டே இடம். பெர்மியன், மிட்லண்ட் லீ, மிட்லண்ட் என்று மூன்று பள்ளிகள் சமம். இரவில் ஒரு லாரி நிறுத்தத்தில் மூன்று பயிற்சியாளர்களும் நாணயம் சுண்டினார்கள். தனியாக நிற்பவர் வெளியே. டி.வி.யில் ஊரே பார்த்தது. மிட்லண்ட் வெளியேறியது. பெர்மியன் அரையிறுதி வரை போய், டல்லாஸ் கார்ட்டர் பள்ளியிடம் 14-9 என்று தோற்றது. கார்ட்டர் சாம்பியன் ஆனது. ஆனால் ஒரு மாணவனின் அல்ஜீப்ரா மதிப்பெண் விவகாரத்தில் அந்தப் பட்டம் பிற்பாடு பறிக்கப்பட்டது. பாருங்கள், நாணயம் சுண்டியதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். தகுதி விதி மீறப்பட்டதாக முடிவானதும் பட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

சென்ற ஆண்டு நம் ஷட்டில் போட்டியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 12 ஜோடிகள். நான்கு ஜோடிக்கு முதல் சுற்றில் ஆட்டம் இல்லை. அது யார் யார் என்பதைப் போட்டியன்று காலையில் முடிவு செய்தோம். இரண்டு குடும்பங்கள் இன்றுவரை லிஃப்ட்டில் முகம் பார்த்துக்கொள்வதில்லை. தப்பு யாருடையதும் இல்லை. சீட்டுப் போட்டிருந்த குழுவில் நானும் ஒருவன். பெயர்கள் தெரிந்த பிறகு எழுதும் விதி எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் யாருக்கோ சாதகம் போலத்தான் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த ஆண்டு பெயர் கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே, சமநிலை வந்தால் என்ன செய்வது, ஆடாமல் முன்னேறுபவர் யார் என்பதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவோம். குலுக்கலைப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, கீழே ஹாலில் வைப்போம். தோற்கிற பிள்ளை அழட்டும், அது விளையாட்டு. ஏமாற்றப்பட்டோம் என்று நினைத்து அழக்கூடாது.