வெற்றுக் குடுவையும் நெல் மூட்டையும்



சேமித்த தானியத்தைப் பூச்சியிடமிருந்து காக்க, பெரிய கிடங்குகளில் இன்று ஏறக்குறைய ஒரே ஒரு வாயுவை நம்பியிருக்கிறோம். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் மெத்தில் புரோமைடை மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகள் 2005இலும் வளரும் நாடுகள் 2015இலும் கைவிட வேண்டியதாயிற்று. தொற்றுத்தடுப்பு, ஏற்றுமதிக்கு முந்தைய புகையூட்டல் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. எஞ்சியது பாஸ்பீன். 3 கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஒன்று காற்றின் ஈரம் பட்டு 1 கிராம் பாஸ்பீனை வெளிவிடும். மலிவானது, மூட்டையின் நடுவரை ஊடுருவக்கூடியது. ஆனால் உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1972-73இல் நடத்திய கணக்கெடுப்பிலேயே அதற்கு எதிர்ப்புத் திறன் பெற்ற வண்டுகள் தென்பட்டுவிட்டன. கிழிந்த தார்ப்பாய்க்குள் அரைகுறையாகப் புகையூட்டிய பழக்கம் அந்த எதிர்ப்பை வளர்த்துவிட்டது. இந்த நெருக்கடியில்தான் தாவர நறுமண எண்ணெய்களின் பக்கம் நம் பார்வை திரும்பியிருக்கிறது. அவை பாஸ்பீனுக்கு மாற்று என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. அவற்றுக்கு உரிய இடம் வேறு.

எண்ணெய்களுக்குக் கொல்லும் திறன் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால், யூகலிப்டஸின் சினியோல் ஆகியவை ஆவியாகவோ தொடுநஞ்சாகவோ வண்டுகளைக் கொல்வது பல ஆய்வகங்களில் நிறுவப்பட்டது. இவற்றில் சில, பூச்சியின் நரம்பிலுள்ள ஆக்டோபமைன் ஏற்பிகளைக் குலைக்கின்றன. ஆக்டோபமைனுக்கு நம் உடலில் அத்தனை பெரிய வேலை இல்லை. சிக்கல், சோதனை நடக்கும் இடத்தில் இருக்கிறது. மூடிய வெற்றுக் குடுவையில், வடிதாளில் சில துளி விட்டு, வெளியே திரியும் முதிர்ந்த வண்டைக் கொன்று காட்டுகிறோம். கிடங்கிலோ தானியமே அந்த ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். அரிசிக் கூன்வண்டின் புழு மணிக்குள் பதுங்கியிருக்கும். இஸ்ரேலில் ஷாயா குழுவினர் 1990களில் கோதுமை நிரப்பிய கலங்களில் சோதித்தபோது, வெற்றுக் கலத்தில் போதிய அளவு அங்கே போதவில்லை. அளவைக் கூட்டினால் சோற்றில் கிராம்பு மணக்கும். அந்த அரிசியை யார் வாங்குவார்? பச்சை எலுமிச்சைப்புல்லில் எண்ணெய் 1 சதவீதத்துக்கும் குறைவு. கிடங்கு கிடங்காக நிரப்ப எத்தனை ஏக்கர் வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயறு வகைகளின் நிலை வேறு. பயறு வண்டு முட்டையை விதையின் மேல்தோலில்தான் ஒட்டுகிறது; ஆவி அதை நேரே எட்டும். முதிர்ந்த வண்டு சேமிப்பில் எதையும் தின்பதில்லை, ஓரிரு வாரமே வாழ்கிறது. காற்றுப் புகாத டிரம்மில் சில கிலோ விதையைக் காக்கும் உழவருக்கு ஆவியாகும் எண்ணெய் உண்மையிலேயே உதவக்கூடும். உணவுக்கு வைத்ததில் முளைப்புத் திறன் போனால் கவலையில்லை, மணம்தான் தடை. விதைக்கு வைத்ததில் மணம் தடையில்லை, ஆனால் இதே எண்ணெய்கள் முளைப்பைக் குறைக்கும். பூச்சி சாக வேண்டும், விதை பிழைக்க வேண்டும்; இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டுபிடிப்பதே நம் வேலை.

முன்னோர் வசம்பும் நொச்சியும் போட்டுத்தானே காத்தார்கள் என்பார்கள். அவர்கள் நன்றாக வெயிலில் காயவைத்தார்கள், துவரைக்குச் செம்மண் கட்டினார்கள். பலனில் இலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர் குறைவு. வசம்பு எண்ணெய் பூச்சிகளை மலடாக்கும் என்பது மெய். அதிலுள்ள பீட்டா அசரோன் எலிகளில் புற்றுக்கட்டி உண்டாக்கியதும், அமெரிக்கா 1968இல் உணவில் அதற்குத் தடை விதித்ததும் மெய். பிள்ளை மருந்து என்று நாம் பெயர் வைத்திருப்பது அதன் நஞ்சைக் குறைத்துவிடாது. பல சேர்மங்களின் கலவை என்பதால் எதிர்ப்புத் திறன் உருவாகாது என்போரின் வாதத்தில் வலு உண்டு. 1995இல் வெளியான வேப்பங்கொட்டைச் சாறு ஆய்வில், அதன் தனிச் சேர்மமான அசாடிராக்டினுக்கு 40 தலைமுறையில் 9 மடங்கு எதிர்ப்பு வளர்த்த அசுவினி, முழுச் சாற்றுக்கு வளர்க்கவில்லை. ஆனால் அது வேம்பு, அசுவினி. கிடங்கு வண்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சோதிக்காமல் சொல்லலாகாது.

ஆகவே கட்டுரை படிக்க வந்திருப்போரிடம் என் வேண்டுகோள்: உங்கள் கலத்தில் தானியம் எவ்வளவு நிரப்பினீர்கள், எண்ணெயின் கூறுகள் எவை, முட்டையும் புழுவும் என்ன ஆயின, விதை எத்தனை சதவீதம் முளைத்தது என்பதைச் சாவு விகிதத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். வெற்றுக் குடுவை முடிவோடு நின்றுவிட்ட கட்டுரை என்றால், அதையும் தயங்காமல் அவையிடம் சொல்லிவிடுங்கள்.