நடக்கப் பழகும் பிள்ளைகள்
(அறக்கட்டளையின் குடும்ப நாளில் ஆற்றிய உரை)

 

பெருமூளை வாதம் கண்ட குழந்தைகளுக்கு உடலியக்கச் சிகிச்சை அளிப்பது என் தொழில். "என் பிள்ளை நடப்பானா?" என்பதே பெற்றோர் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

இது கால்களில் தோன்றிய நோய் அன்று. பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ, வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. மூளையில் உள்ள அந்தப் பாதிப்பு நாளடைவில் பெருகுவதில்லை. ஆனால் தசைகள் இறுகுவதும், அசைவுகள் சொன்னபடி கேளாமல் போவதும் அதன் விளைவுகள். கர்ப்பகாலத்தில் தாயார் எதைச் சாப்பிட்டார், எந்தக் கிரகணத்தில் வெளியே வந்தார் என்று வீட்டில் விசாரணை நடத்துவோர், தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

1997ஆம் ஆண்டு கனடாவில் வகுக்கப்பட்ட முறைப்படி இக்குழந்தைகளை 5 நிலைகளாகப் பிரிக்கின்றோம். முதல் இரண்டு நிலையினர் பெரும்பாலும் துணைச் சாதனமின்றி நடப்பர். 3ஆம் நிலையினர் வாக்கர் போன்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடப்பர். 4, 5 ஆகிய நிலையினருக்குச் சக்கர நாற்காலியே முக்கியத் துணை. 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளிவந்த கனடிய ஆய்வு ஒன்று, ஒரு குழந்தை தனக்கு எட்டக்கூடிய இயக்கத்திறனில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை 5 வயதுக்குள்ளும், கடுமையான பாதிப்புள்ள குழந்தை 3 வயதுக்கு முன்பேயும் அடைந்துவிடுவதாகக் காட்டியது. ஆகவே, "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் நடக்கும்" என்று காத்திருப்பது சரியன்று. 6 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நம் சிங்கப்பூரில் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம் உள்ளது. 1957இல் தொடங்கிய சங்கம் ஒன்று, இன்று பெருமூளை வாதக் கூட்டணி என்னும் பெயரில் இப்பணியைச் செய்து வருகின்றது.

இனி வீட்டுக்கு வருவோம். பாட்டி எண்ணெய் தேய்த்துக் கால்களை நீவி விடுவதை நான் தடுப்பதில்லை. பிள்ளைக்கு அது சுகம், பாட்டிக்கும் சுகம். ஆனால் நடை அதனால் வராது. பிள்ளை தானே செய்து பார்ப்பதைத்தான் மூளை கற்றுக்கொள்கின்றது. முறுக்கு டின்னை சோபாவின் ஒரு மூலையில் வையுங்கள். அவன் பிடித்து எழட்டும், பக்கவாட்டில் இரண்டடி நகரட்டும். அடுத்த நாள் டின்னை இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பிடித்துத் தூக்கியபடி நடத்தாதீர்கள். பிள்ளை முன்னால் சாய்ந்து நுனிக்காலில் நிற்கும். இடுப்பைப் பிடியுங்கள். விழத்தான் செய்வான். எழுந்திருப்பதும் பாடம்தானே!

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அவசரம்தான் பெரிய இடைஞ்சல். லிஃப்டைப் பிடிக்க வேண்டும், பிள்ளையைத் தூக்கிக்கொள்வார்கள். நானறிந்த ஒரு தாத்தா, பாலர் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தைக் கால் மணி முன்னதாக்கினார். புளோக்கின் கீழ்த்தளத்தில் பேரன் வாக்கரோடு தூண் தூணாக நடப்பான். தாத்தா பின்னால் பையைச் சுமந்து வருவார். சிகிச்சை அறையில் வாரம் ஒரு மணி நேரம் நான் கொடுப்பதைவிட அது அதிகப் பயிற்சி.

அந்தப் பையன் 3ஆம் நிலை. தூரம் போக அவனுக்குச் சக்கர நாற்காலியும் உண்டு. நாற்காலி வாங்கினால் நடையை மறந்துவிடுவான் என்று பலர் அஞ்சுகின்றனர். நடப்பது இவர்களுக்கு நம்மைவிட மிகுந்த களைப்பைத் தரும். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபின் படிக்கவும் தெம்பு வேண்டாமா? இன்னொன்று, இடுப்பு எலும்பு மெல்ல விலகும் வாய்ப்பு இருப்பதால், மருத்துவர் சொல்லும்போதெல்லாம் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வலி வரட்டும் என்று இருக்க வேண்டாம்.

அவனுடைய பாட்டி, பேரன் நடந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டவர். "வாக்கரோடு நடப்பது கணக்கில் சேருமாம்மா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். சேரும் என்றே சொன்னேன். கோயிலுக்கு அழைத்துச் சென்றார்கள். வாசலில் இருந்த தொண்டர், காலில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட்டைக் காலணி என்று நினைத்துக் கழற்றச் சொன்னார். வாக்கரின் சக்கரம் அழுக்கு என்றார். நடக்க வந்த பிள்ளையைத் தாத்தா தூக்கிக்கொண்டு போனார். தொண்டரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த ஸ்ப்ளின்ட் கணுக்காலை நேராக வைக்கும் மருத்துவச் சாதனம். அது இல்லாமல் இப்பிள்ளைகளில் பலருக்குக் குதிகால் தரையில் படாது. வெளியே அதன்மேல் காலணி போடுவார்கள். காலணியை மட்டும் கழற்றினால் போதும். ஆனால் வழுவழுப்பான தரையில் வெறும் பிளாஸ்டிக் வழுக்கும். ஆகவே பெற்றோர்கள், சிகிச்சையாளரிடம் கேட்டு அடியில் ரப்பர் ஒட்டிக்கொள்ளுங்கள். அல்லது வழுக்காத காலுறை கொண்டுவாருங்கள்.

அறங்காவல் குழுவினரிடம் மூன்று விண்ணப்பங்கள். காலணி வைக்கும் இடத்தில், பிள்ளையை உட்காரவைக்க ஒரு தாழ்வான பெஞ்சு. சக்கரத்தைத் துடைக்க ஒரு வாளித் தண்ணீரும் துணியும். தைப்பூசத்திற்கு முன்பு தொண்டர்களோடு அரை மணி நேரம் பேச எனக்கு ஒரு வாய்ப்பு. ஸ்ப்ளின்ட்டையும் வாக்கரையும் நானே கொண்டுவந்து காட்டுகின்றேன். நாளைத் தலைவர் அவர்கள் குறித்துக் கொடுத்தால் போதும்.