நாற்காலியில் பெண், திரையில் யார்?

(வடக்குத்தில் சுரங்கத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஷிப்டு முடித்து வந்தவர்களும், நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அதிக நேரம் உட்காரவைக்க மாட்டேன். பெரிய உத்தியோகம் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேசப் போகிறேன். “அதனால் நமக்கென்ன?” என்று கேட்பீர்கள். விஷயம் நம்மைப் பற்றியதுதான்.

தூர்தர்ஷன் 1959இல் டில்லியில் தொடங்கியது. 1975இல் சென்னைக்கு வந்தது. அது ஜனங்களின் பணத்தில் நடக்கும் ஸ்தாபனம். 2016இல் அதன் டைரக்டர் ஜெனரலாக சுப்ரியா சாகு அமர்ந்தார். அவருக்கு முன்பும் பெண்கள் அந்த நாற்காலியில் இருந்ததுண்டு. ஆனால் இவர் 1991இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து, நம் தமிழ்நாட்டில் வேலை பழகியவர்.

எங்கே பழகினார்? ஸ்டூடியோவில் அல்ல, நீலகிரி மலையில். அங்கே கலெக்டராக இருந்தபோது பிளாஸ்டிக்கை ஒழிக்க இயக்கம் நடத்தினார். தமிழ்நாடு முழுவதற்கும் அந்தத் தடை வந்தது 2019இல்தான். 2003 ஜூனில் அந்த ஜில்லாவில் ஒரே நாளில் 42,182 மரக்கன்றுகள் நட்டு கின்னஸ் சாதனை செய்தார்கள். நட்டது சுமார் 300 பேர். அதிகாரி வழிகாட்டினார், மண்ணைத் தொட்டது அந்தக் கைகள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நாற்காலியில் பெண் உட்கார்ந்துவிட்டால் போதுமா? திரையில் யார் பேசுகிறார்கள்?

1990இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. 1997இல் அமலுக்கு வந்தது. வானொலியும் தூர்தர்ஷனும் அதன் கீழ்தான் இயங்குகின்றன. அதன் 12ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தொழிலாளி வர்க்கத்தின் உரிமையைக் காப்பதும், கிராமத்து ஏழைகளுக்குப் பணி செய்வதும், பெண்களின் பிரச்னைகளை எடுத்துச் சொல்வதும் அந்த ஸ்தாபனத்தின் கடமை என்று எழுதியிருக்கிறது. இது யாரும் போடும் பிச்சையல்ல தோழர்களே, சட்டம்!

இங்கிலாந்தில் ஒரு கதை உண்டு. பி.பி.சி. வானொலியின் உரைப் பகுதிக்கு 1927இல் ஹில்டா மேத்சன் என்ற பெண் தலைவரானார். 1928இல்தான் அங்கே ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. மறு வருஷமே, பார்லிமெண்டில் நடப்பதைப் பெண் உறுப்பினர்களே மைக்கில் விளக்கும்படி அவர் ஏற்பாடு செய்தார். எந்த நேரத்தில்? வீட்டுப் பெண் காலை வேலையைச் சற்றே நிறுத்தித் தேநீர் குடிக்கும் நேரத்தில்! கேட்பவளுக்கு எப்போது ஓய்வு என்று முதலில் யோசித்தார். தலைமை என்பது இதுதான்.

களையெடுக்கும் நம் சகோதரிக்கு எப்போது ஓய்வு? கூலிச் சட்டம் அவள் காதில் எந்த நேரத்தில் விழவேண்டும்? இதை நாம் சொல்லாமல் டில்லிக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. இங்கே ஒப்பந்தத் தொழிலாளி நிரந்தரம் கேட்கிறான். வானொலி நிலையங்களில் தற்காலிக அறிவிப்பாளர்களும் பல வருஷமாக அதையேதான் கேட்டு வருகிறார்கள். குரல் இனிமையாக இருக்கிறது, வேலை நிச்சயமில்லை. அவர்களும் நம்மவர்களே.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். பெண்பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அந்த நாற்காலி அவளுக்கும் உரியது. நமக்கு வேண்டிய நிகழ்ச்சி எது, எந்த நேரத்தில் என்று நிலையத்துக்கு எழுதுங்கள். ஒருவர் எழுதினால் கடிதம். ஊரே கையெழுத்துப் போட்டால் கோரிக்கை!