படமும் சொல்லும்



வலைத்தளங்கள் அமைக்கக் கற்றுவரும் நம் இளைஞர்களுக்கு ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறோம். தளத்தின் வாயிலில் அழகிய படங்களை வைத்து, அவற்றைத் தொட்டு உள்ளே செல்லுமாறு அமைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. எந்தப் படம் எங்கே கொண்டு செல்லும் என்பது வருவோருக்குத் தெரிகிறதா?

1951-52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினர். எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மராக இருந்த நாட்டில் படமே வழிகாட்டிற்று. பின்னர் வாக்குச்சீட்டில் குறியிடும் முறை வந்தபோது, சின்னத்தின் அருகே பெயரும் அமைந்தது. 2015 முதல் வேட்பாளரின் நிழற்படமும் சேர்ந்தது. ஏன்? 2024 மக்களவைத் தேர்தலில் நம் இராமநாதபுரம் தொகுதியே விடை சொல்லிற்று. முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். அதே தலைப்பெழுத்தும் பெயரும் கொண்ட வேறு சிலரும் களத்தில் இருந்தனர். அங்கே பெயர் மட்டும் போதாது, படமும் வேண்டியிருந்தது. வலைத்தளத்திலோ படம் மட்டும் போதாது; சொல்லும் வேண்டும். ஒன்றற்கு மற்றொன்று துணை.

பட்டமளிப்புத் தொப்பியின் படத்தை ஒரு தளத்தில் காண்கிறோம். அது கல்லூரிப் பட்டியலா, தேர்வு முடிவா, உதவித்தொகையா? வடிவமைத்தவர் அறிவார், தங்கச்சிமடத்துத் தாய் எவ்வாறு அறிவார்? படத்தின்கீழ் 'உதவித்தொகை விண்ணப்பம்' என்று தமிழில் எழுதிவிட்டால் ஐயம் நீங்கும்.

அச்சொல்லைப் படத்துக்குள்ளேயே வரைந்துவிடலாகாது. அலைபேசித் தொடர்பு மெலிந்த இடத்தில் படம் வாராதபோது சொல்லும் மறைந்துபோகும். பார்வையற்ற மாணவருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் எழுத்தைத்தான் படிக்கும். படத்தைத் தானே உணர்ந்து வழிசொல்லும் என்று நம்பியிருத்தல் ஆகாது. சொல்லைப் படத்தின்கீழ் எழுதாத இடத்தில், படத்தின் பின்னே மாற்று உரை ஒன்றைத் தவறாது சேர்க்க வேண்டும். அவ்வுரை 'தொப்பி' என்று வரைந்ததைச் சொல்லாமல், 'உதவித்தொகை விண்ணப்பம்' என்று செல்லுமிடத்தைச் சொல்லட்டும். ஒரு படம் எல்லாப் பக்கங்களிலும் ஒரே பொருளைக் குறிக்கட்டும். தாம் இப்போது எப்பக்கத்தில் இருக்கிறோம் என்பதும் வருவோருக்கு விளங்கட்டும்.

தளம் முடிந்ததும், அதனை அறியாத ஒருவரிடம் அலைபேசியைக் கொடுத்து, 'விண்ணப்பத்தைத் திறவுங்கள்' என்று மட்டும் சொல்லி வாய்மூடி நில்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே திருத்துங்கள். அதனினும் சிறந்த தேர்வு வேறில்லை.

இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. பட்டியல் சாதி மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944இல் தொடங்கிற்று. போராடிப் பெற்ற அவ்வுரிமைக்கு இன்று இணையத்தின் வழியே விண்ணப்பிக்கிறோம். விளங்காத ஒரு படத்தின் முன்னே இறுதிநாள் கடந்துபோனால், ஒரு பிள்ளையின் ஓராண்டு வீணாகும். மூடிய கதவுகளை நம் முன்னோர் நெடுங்காலம் கண்டனர். நாம் அமைக்கும் கதவிலேனும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெளிவாக எழுதிவைப்போம்.