சாடியும் சான்றே



யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூறு பேசுகிறது. அத்தகைய மது வந்த சாடிகளின் உடைசல்களை 1945ஆம் ஆண்டின் அரிக்கமேட்டு அகழாய்வு காட்டியது. பாட்டுக்குப் பானை சான்றாயிற்று. பாடப்படாத மாந்தர்க்கோ பானை ஒன்றே சான்று.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 1865 முதல் 1869 வரை இருப்புப்பாதை அமைக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர் உழைத்தனர். சியரா நெவாடா மலையைக் குடைந்தவர்கள் அவர்களே. 1867இல் வெள்ளையர்க்கு நிகரான கூலி கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, உணவை நிறுத்திப் பணியவைத்தது நிருவாகம். அவர்கள் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. அவர்கள் தங்கிய இடங்களில் கிடைப்பவற்றுள் பழுப்பு மெருகேறிய மதுச்சாடிகளும் அவற்றின் சில்லுகளும் உண்டு.

உருண்ட தோள், ஒடுங்கிய கழுத்து, விரிந்த வாய். ஒரு சாணுக்கும் குறைந்த உயரம். தென்சீனச் சூளையில் சுட்ட கலம் அது. அதில் வந்த மது களிப்புக்கு மட்டுமன்று. சமையலுக்கும், உடல்நோவுக்கும், முன்னோர்க்குப் படைக்கவும் பயன்பட்டது. இன்று பழம்பொருள் திரட்டுவோர் அச்சாடிக்கு விலை தருகின்றனர். அதை ஏந்திய கைக்குப் பெயரில்லை.

நம் மலைகளுக்கும் சீனர் வந்தனர். 19ஆம் நூற்றாண்டில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கைதிகளாக நீலகிரிக்கு அனுப்பப்பட்டோரில் சிலர், விடுதலைக்குப்பின் நடுவட்டம் அருகே தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்தனர். அக்குடும்பங்களின் உடலளவுகளை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்தார். அளந்தவர் பெயரை நாம் அறிவோம். அளக்கப்பட்டோரை யார் நினைக்கிறோம்?

இவ்வினா நம் போடிக்கும் உரியது. விடியற்காலையில் போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நாம் அறிவோம். அவர்கள் எடுத்த ஏலக்காயின் எடையும் விலையும் நம் ஊர் ஏல மையத்தில் கணக்காகின்றன. அவர்களுடைய தூக்குவாளியும், மழைக்குப் போர்த்திய கொங்காணியும், வேலைக்கிடையே பாடிய பாட்டும் எந்தக் கணக்கில் உள்ளன?

சியராவில் சாடிக்கு உரியவர் மறைந்தபின் மண்ணைத் தோண்ட நேர்ந்தது. இங்கே உரியவர்கள் நம்மிடையே வாழ்கின்றனர். நம் மொழியே பேசுகின்றனர். பத்தாண்டு நிறைவுற்ற நம் வட்டம், வரும் ஆண்டில் அப்பொருள்களையும் பாட்டுகளையும், உரியவர் பெயரோடு, அவர்தம் ஒப்புதலோடு தொகுக்கத் தொடங்க வேண்டும். ஏட்டில் முதலில் எழுத வேண்டியது பொருளின் பெயரன்று. அதை வைத்திருந்தவரின் பெயர்.